முன்பாரம் பார்த்துத்தான் ஓட்டுகிறேன், அப்பச்சி

உ
சிவமயம்

பிரஸ்டன், இங்கிலாந்து,
கார்த்திகை 3

அன்புள்ள அப்பச்சிக்கு,

நான் நலம். அங்கு நீங்கள், ஆத்தா, அப்பத்தா, அண்ணன், அண்ணமிண்டி, பிள்ளைகள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் போன புதன்கிழமை வந்தது. உறையின்மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். சித்திரையில் எழுதியதற்கு அப்புறம் நான் உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. போனில் பேசினால் உங்களுக்குக் காதில் சரியாக விழாது என்று தெரிந்தும், ஆத்தாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். அது என் தப்புதான். மன்னிக்க வேண்டும்.

அண்ணன் செல்போனில் படம் காட்டினான் என்றும், வீட்டையே காருக்குப் பின்னால் கட்டி நான் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பெயர் கேரவன். கானாடுகாத்தானுக்குப் படப்பிடிப்புக்கு வருமே, நடிகர்கள் உட்காருகிற கேரவன், அது வேறு. அது பஸ் மாதிரித் தானே ஓடும். இதற்கு எஞ்சின் கிடையாது. ஒரே அச்சு, இரண்டு சக்கரம், முன்னால் நீட்டிய இரும்புக் கால். அதைக் காரின் பின்னால் இருக்கிற இரும்புக் குண்டின்மேல் உட்கார வைத்துப் பூட்ட வேண்டும். உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. ஓடும்போது அதற்குள் ஆள் யாரும் இருக்கக் கூடாது, அது சட்டம். ஆகையால் அந்தப் பயம் வேண்டாம்.

வண்டி என்னுடையது இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. 78 வயசு. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். அவர் மனைவி, அந்த ஆச்சி, தவறி நாலு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு கேரவன் வாசலிலேயே நின்றது. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கழுவுவார், டயரைத் தடவிப் பார்ப்பார், பூட்டைத் திறந்து எண்ணெய் விடுவார். இப்போது கண் பார்வை குறைந்துவிட்டதால் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "நீ ஓட்டுவாயா?" என்று கேட்டார். சரி என்றேன். நம் ஊர் லைசென்ஸ் இங்கே 12 மாதம்தான் செல்லும், நான் மறுபடி டெஸ்ட் எழுதி வாங்கியது உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் இப்படி இழுக்கத் தனி டெஸ்ட் இருந்தது, 2021 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். பெரியவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு ஞாயிற்றுக்கிழமை காலி மைதானத்தில் என்னை ஓட்ட வைத்த பிறகுதான் ரோட்டில் விட்டார். தன் காருக்கு இன்சூரன்ஸில் என் பெயரையும் சேர்த்திருக்கிறார்.

அவர் சாமான் ஏற்றுவதை நீங்கள் பார்க்க வேண்டும், அப்பச்சி. அடுக்களைத் தராசில் பிஸ்கட் டின்னைக்கூட நிறுத்து நோட்டில் எழுதுவார். ஐயா பேரேடு எழுதுகிற மாதிரி, வரிசைக்கு வரிசை கோடு போட்டு. அவர் வண்டியில் ஏற்றலாம் என்று அனுமதித்த சுமை 150 கிலோதான். எல்லாம் ஏற்றிய பிறகு கேரவன் 1,250 கிலோ, கார் 1,600 கிலோ. இழுக்கப்படுவது இழுப்பதன் எடையில் நூற்றுக்கு 85-க்குள் இருந்தால் நல்லது என்பது இங்கே சொல்லுகிற கணக்கு. மாட்டைவிட வண்டி கனத்தால் இறக்கத்தில் வண்டிதான் மாட்டை ஓட்டும் என்பீர்களே, அதேதான்.

அதற்கப்புறம் செய்வதுதான் முக்கியம். ஆள் எடை பார்க்கிற தராசைத் தரையில் வைத்து, அதன்மேல் அளவாக அறுத்த ஒரு கட்டையை நிறுத்தி, கேரவனின் முன்காலை அந்தக் கட்டைமேல் இறக்குவார். முள் 80-ல் நிற்க வேண்டும். மொத்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 7 வரை முன்னால் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வால் ஆடும். கூடினால் காரின் பின்புறம் அமுங்கி முன்சக்கரம் பிடி விட்டுவிடும். முதல் தடவை அவர் இதை விளக்கியபோது அவர் பேசுகிற பாதி இங்கிலீஷ் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. முன்பாரம், பின்பாரம். நெல் மூட்டை ஏற்றும்போது நீங்கள் முகப்புத் திண்ணையில் இருந்தபடியே, "பின்பாரமாயிருக்கு, ஒரு மூட்டையை முன்னுக்குத் தள்ளு" என்று வண்டிக்காரரிடம் சொல்வீர்கள். அவரும் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு எட்டு வயசு இருக்குமா? அதைப் பெரியவரிடம் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஐப்பசி ஆரம்பத்தில் கெஸ்விக் என்கிற ஏரிக்கரை ஊருக்குப் போய் மூன்று நாள் இருந்தோம். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது நடந்ததை ஆத்தாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

கிளம்புகிற காலையில் நல்ல மழை. வாசலில் கட்டுகிற துணிப் பந்தல் நனைந்து இரண்டு மடங்கு கனத்துவிட்டது. அவருக்கு அன்று முழங்கால் வலி, காரில் உட்கார்ந்துவிட்டார். நான் அவசரத்தில் பந்தலைச் சுருட்டிக் கடைசியில் இருக்கிற கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தண்ணீர்க் குடத்தையும் அங்கேயே வைத்தேன். தராசை எடுக்கவில்லை. "எல்லாம் ஆச்சா?" என்று கேட்டார், "ஆச்சு" என்றேன்.

எம்6 மோட்டார்வேயில் ஷாப் என்று ஒரு மேடு வரும். இரண்டு பக்கமும் மொட்டை மலை, மேற்கே இருந்து காற்று தள்ளும். கேரவன் இழுப்பவருக்கு மணிக்கு 60 மைல்தான் உச்ச வேகம், நம் கணக்கில் 96 கிலோமீட்டர். மூன்று லேன் இருந்தால் வலது ஓரத்து லேனுக்குப் போகவே கூடாது. நான் 60-க்குக் கொஞ்சம் கீழேதான் போனேன். மேடு தாண்டி இறக்கம் தொடங்கியதும் ஒரு பெரிய பஸ் எங்களைத் தாண்டியது. அது பக்கத்தில் வரும்போது காற்று கேரவனை இடதுபுறம் தள்ளியது, தாண்டியதும் அதன் பக்கமே இழுத்தது. மற்ற நாளாக இருந்தால் ஒரு அசைவோடு நின்றுவிடும். அன்று நிற்கவில்லை.

வலது கண்ணாடியில் கேரவனின் பக்கச் சுவர் முழுக்கத் தெரிந்தது. அடுத்த நொடி அது காணாமல் போய் இடது கண்ணாடியில் தெரிந்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிசு. என் கைக்குள் ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. பூட்டுக் குண்டை இறுக்கிப் பிடிக்கிற ஒரு கருவி இதில் உண்டு, ஆட்டத்தை அடக்கும். ஆனால் பின்பாரத்தை அதனால் சரிசெய்ய முடியாது. கால் பிரேக்குக்குப் போனது. பெரியவர் சத்தம் போடவில்லை. மெதுவாக, "விடு, விடு, நேராகப் பிடி" என்றார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாமல் ஸ்டியரிங்கை நேராக வைத்திருந்தேன். பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்னால் இருப்பது முன்னால் வந்து காரையே திருப்பிவிடும். 50-க்கு வந்தது, 45-க்கு வந்தது, ஆட்டம் அடங்கியது. எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நொடி இருக்கும். பிள்ளையார்பட்டிப் பிள்ளையார்தான் காப்பாற்றினார்.

கீழே டெபே என்ற இடத்தில் நிறுத்தினோம். கை நடுங்கியதால் கதவைத் திறக்கவே நேரமாயிற்று. பின்பக்கம் போய்ப் பந்தலை வெளியே இழுத்து, கேரவனுக்குள்ளேயே அச்சுக்கு நேரே தரையில் வைத்தேன். தண்ணீரைக் கொட்டினேன். தராசை எடுத்து நிறுத்தால் 78. அப்படியென்றால் முன்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்கவே இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி என் கையில் கொடுத்து, நான் குடித்து முடிக்கிறவரை என் தோளில் கை வைத்திருந்தார். வீடு வரைக்கும் 50-லேயே ஓட்டினேன்.

இனி தராசு இல்லாமல் கிளம்ப மாட்டேன், அப்பச்சி. உங்கள்மேல் ஆணை. டயர், சக்கர நட்டு, விளக்கு, பூட்டுக் கழன்றால் தானே கேரவனின் பிரேக்கை இழுத்து நிறுத்துகிற கம்பி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சாவி போடுவேன்.

மற்றபடி குறை ஒன்றும் இல்லை. குளிர் தொடங்கிவிட்டது, நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஹீட்டர் போட்டால் எனக்குப் போதும். என் காரை விற்றுவிட்டேன் என்று அண்ணன் சொல்லியிருப்பான். வேலைக்குப் பஸ் வீட்டு வாசலிலிருந்தே இருக்கிறது, எதற்கு வீண் செலவு என்றுதான். அண்ணமிண்டி கொடுத்துவிட்ட பருப்புப்பொடி இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறேன், தை வரைக்கும் வரும். பெரியவருக்கு ஒரு நாள் கவுனி அரிசி செய்து கொடுத்தேன். கறுப்பாக இருக்கிறதே என்று முதலில் தயங்கினார், அப்புறம் கிண்ணத்தை நீட்டி இன்னும் கேட்டார்.

கெஸ்விக்கில் இரண்டாம் ராத்திரி நடந்ததைச் சொல்ல வேண்டும். கேரவன் கூரை தகரம். நடு ராத்திரியில் மழை கொட்டியது. நம் இரண்டாம் கட்டில் தகரம் போட்ட இடத்தில் விழுகிற அதே சத்தம். பாதித் தூக்கத்தில், வளவு முற்றத்தில் காய்கிற வற்றலை ஆத்தா எடுத்தாளோ இல்லையோ என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கால் எட்டி ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியைத் தேடியது. கம்பளி விரிப்புதான் பட்டது. அதற்கப்புறம் விடிகிறவரை தூங்கவில்லை. போன வருஷம் பிள்ளையார் நோன்புக்கு, எடுத்துக்கொடுக்கப் பெரியவர்கள் யாரும் இல்லாமல் நானே நூல்திரியை ஏற்றி இழை எடுத்துக்கொண்டேன். அப்போதுகூட இப்படி இருக்கவில்லை. பாட்டையா பர்மாவுக்கு வட்டித் தொழில் பார்க்க, கொண்டுவிக்கப் போய் மூன்று வருஷம் திரும்பாமல் இருந்தாரே, அவர் எப்படி இருந்தார்?

சரி, வீட்டு விஷயம். ஓடு மாற்ற என் பங்கு நாற்பதாயிரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரம் பதினைந்து அனுப்புகிறேன், மீதியைத் தைக்குள் இரண்டு தடவையாக அனுப்பிவிடுவேன். அண்ணனைக் கையிலிருந்து போடச் சொல்ல வேண்டாம், அவனுக்கே பிள்ளைகள் ஃபீஸ் இருக்கிறது. மழை ஓயட்டும், ஆளை மேலே ஏற்றுவதற்கு முன் ஓட்டைத் தாங்குகிற மரச் சரத்தைத் தட்டிப் பாருங்கள், கரையான் பிடித்திருந்தால் ஓடு மட்டும் மாற்றிப் பயனில்லை. அப்பத்தாவுக்குக் கண் ஆப்பரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். பள்ளத்தூர் அம்மான் மதுரைக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார், நானும் அவரிடம் பேசிவிட்டேன்.

மேலவீட்டு அண்ணன் நம் வீட்டுப் பட்டாலைத் தேக்குத் தூண்களை விற்கலாம் என்று பங்காளிகளிடம் கையெழுத்துக் கேட்கிறார் அல்லவா, நான் சம்மதிக்கவில்லை. அவருக்கும் இதே தபாலில் எழுதுகிறேன். சித்திரையில் வரப் பார்க்கிறேன், அதுவரைக்கும் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பழைய சாமான் வாங்குகிறவர்கள் வந்தால் பின்கட்டில் சாத்தியிருக்கிற நெல் வண்டி நுகத்தடியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது அங்கேயே இருக்கிறதா என்று அடுத்த கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்