பரணில் கிடக்கும் சிறிய வயலின்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டல அளவிலான கன்செர்ட்டோ போட்டியில் நம் வேலூர்ப் பகுதியைச் சேர்ந்த வயலின் மாணவர்களும், உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின் போன்ற செல்லோ பயிலும் மாணவர்களும் பரிசு பெற்ற செய்தியைத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் கண்டு பெரிதும் மகிழ்ந்தேன். அந்தப் பிள்ளைகள் எவ்வளவு கடினமான ஒன்றைச் செய்து முடித்திருக்கிறார்கள் என்பதும் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கன்செர்ட்டோ என்பது பெரிய வாத்தியக் குழுவின் முன்னால் ஒருவர் தனியாக நின்று வாசிப்பதற்கென இயற்றப்பட்ட, பெரும்பாலும் மூன்று பகுதிகள் கொண்ட இசை வடிவமாகும். போட்டிகளில் குழுவின் பங்கைப் பெரும்பாலும் பியானோ ஒன்றே ஏற்றுக்கொள்ளும். ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் இயற்றி 1845-இல் அரங்கேறிய, இ மைனர் என்னும் சுர வரிசையில் அமைந்த வயலின் கன்செர்ட்டோவில், குழு தொடங்கிய சில நொடிகளிலேயே தனி வயலின் நுழைந்துவிட வேண்டும். அதன்பின் ஏறத்தாழ அரை மணி நேரத்திற்கு, பகுதிகளுக்கு நடுவில்கூட இசை நிற்காது. இத்தகைய உருப்படிகளைத்தான் பள்ளி வயதுப் பிள்ளைகள் மனப்பாடமாக வாசிக்கப் பழகுகிறார்கள்.

பரிசு பெற்றவர்களில் ஒருத்தி எங்கள் தெருவில் குடியிருக்கிறாள். மே மாத வேலூர் வெயிலில், இசைக்குறிப்புத் தாள் பறக்கிறது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, அதே நான்கு வரிகளை மாலை முழுவதும் அவள் திரும்பத் திரும்ப வாசித்ததை நாங்கள் கேட்டிருக்கிறோம். அவள் இடது தாடைக்குக் கீழே வயலின் அழுந்தி அழுந்திக் கறுத்த தழும்பு இருக்கிறது. ஞாயிறுதோறும் விடியுமுன் காட்பாடியில் ரயிலேறி, ஏறக்குறைய 130 கி.மீ. கடந்து சென்னையில் பாடம் கேட்டுவிட்டு இரவில்தான் திரும்புவார்கள், அவளும் அவள் தாயாரும்.

மேல்நாட்டு இசை நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வயலினே மேல்நாட்டிலிருந்து வந்ததுதான். கர்நாடக இசைக் கலைஞர்களான பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதைக் கையில் எடுத்து, நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து, நம் இசைக்கு உரியதாக்கினார்கள். தியாகராஜரின் சீடர் வெங்கடரமண பாகவதர் வாழ்ந்த வாலாஜாபேட்டை நம் பழைய வட ஆற்காட்டு ஊர்தான். இசை இங்கே புதிதாக வந்து சேர வேண்டிய ஒன்றல்ல.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. வயலின் கற்கும் குழந்தைக்குக் கை வளர வளரக் கால் அளவு, அரை அளவு, முக்கால் அளவு, பிறகு முழு அளவு என்று வாத்தியம் மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொன்றும் ஓரிரு ஆண்டுகளுக்குமேல் பயன்படாது. பொருந்தாத வயலினைத் தூக்கிக்கொண்டால் தோளும் மணிக்கட்டும் கோணிப்போகும். செல்லோவுக்கும் இதே கதைதான், விலை இன்னும் கூடுதல். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் கலைத் திருவிழாவில் கருவி இசைக்கும் இடமிருக்கிறது. ஆனால் கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோர் நான்கு வயலின்களுக்கு எங்கே போவார்கள்?

ஆகவே, நூலகத்தில் புத்தகம் இரவல் தருவதைப்போல, சிறிய அளவு வயலின்களையும் செல்லோக்களையும் மாணவர்களுக்கு இரவல் தரும் ஏற்பாடு ஒன்றை வேலூர் மாவட்ட மைய நூலகத்திலேயே தொடங்குமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். புதிதாக வாங்க வேண்டியவை சிலவே. மீதி நம் வீட்டுப் பரண்களிலும், தேவாலய அலமாரிகளிலும் ஏற்கெனவே கிடக்கின்றன.

இதை அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். என் மகள் வாசித்த அரை அளவு வயலினை அவள் வளர்ந்த பிறகு பரணில் போட்டு வைத்தோம். பலகைகளை ஒட்டியிருப்பது விலங்குத் தோலைக் காய்ச்சிச் செய்த பசை, வெக்கையில் அது விட்டுப்போகும் என்பது எங்களுக்குத் தெரியாது. இரண்டு கோடைகள் கழித்து இறக்கியபோது, அடிப்பலகை ஒரு பக்கமாக விட்டுப்போய் விரல் நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை. சென்னைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து, புதுத் தந்திகள் போட்டு வைத்திருக்கிறேன். நூலகம் இசைந்தால் முதல் வயலினாக அதை ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.