மணலுக்கு வாங்கிய வண்டி

மச்சான்,

10 நாளாகப் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய், தெரியும். வண்டி படுத்துவிட்டது, அதன் பின்னாடியே அலைந்ததில் ஃபோனைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. இப்போதுகூட நீ ஏற்காட்டுத் தோட்டத்துக்குப் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஃபோர்வீல் பிக்கப் ஒன்று பார்த்திருப்பதாக எழுதியதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அட்வான்ஸ் கொடுத்துவிடாதே, முதலில் இதைப் படி.

போனது டிரான்ஸ்ஃபர் கேஸ். கியர்பாக்ஸுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்குமே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, அதுதான். தாழங்குடாவில் சின்ன மச்சினன் படகுக்கு ஐஸும் வலையும் ஏற்றிக்கொண்டு மணலில் போனேன். லோ ரேஞ்சில், அதாவது மெதுவாகப் போனாலும் பலமாக இழுக்கிற கியரில், போட்டு மிதித்ததும் அடியில் டக் டக் என்று சுத்தியால் அடிக்கிற மாதிரி சத்தம், அப்புறம் படார். இறங்கிக் குனிந்து பார்த்தால் அலுமினியக் கூடு பிளந்து ஆயில் மணலில் கொட்டிக் கிடக்கிறது. கடைசியில் படகு இழுக்கிற டிராக்டர்தான் வந்து கட்டி இழுத்தது. கரையில் இருந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள், அதை விடு.

முதலில் மணலையும் லோடையும்தான் திட்டினேன். மஞ்சக்குப்பம் பட்டறை அண்ணன் பெட்டியைப் பிரித்து உள்ளே இருந்த செயினை எடுத்துக் காட்டினார். இரண்டு விரல் அகலம் இருக்கும், இழுத்து இழுத்துத் தளர்ந்து தொங்குகிறது. லோடு ஏறினதும் பல்லைத் தாண்டிக் குதித்திருக்கிறது, குதித்துக் குதித்தே அறுந்து கூட்டையும் உடைத்துவிட்டது. "தார் ரோட்டுல ஃபோர்வீல் போட்டு ஓட்டுனியா?" என்று கேட்டார். வாயைத் திறக்கவில்லை நான்.

ஓட்டியிருக்கிறேன் மச்சான். டேஷ்போர்டில் ஃபோர்வீல் போட்டிருப்பதைக் காட்டுகிற பச்சை விளக்கு பியூஸ் போய் இரண்டு வருஷம். மணலிலிருந்து ஏறினதும் லீவரைத் தள்ள மறந்து, அப்படியே ஆல்பேட்டை, கன்னியக்கோவில், தவளக்குப்பம் வழியாகப் புதுச்சேரி வரைக்கும் எத்தனை தடவை போயிருப்பேன்! திருப்பத்தில் ஸ்டீயரிங் இறுக்கும், பின்னால் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும், பிரேக் பிடிக்கிறது போல என்று நினைத்துக்கொள்வேன். வளைவில் முன்சக்கரம் பெரிய வட்டம் போடும், பின்சக்கரம் சின்ன வட்டம் போடும். நம்ம மாதிரி வண்டியில் நடுவில் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கிற டிஃபரன்ஷியல் கிடையாது, ஃபோர்வீலில் போட்டால் இரண்டு ஷாஃப்டையும் அந்தச் செயின் ஒன்றாகக் கட்டிவிடும். மணலாக இருந்தால் டயர் வழுக்கிச் சரிபண்ணிக்கொள்ளும். தாரில் வழுக்காதே, முறுக்கெல்லாம் செயின் தலையில்தான். இதில் பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன வருஷம் முன்னால் மட்டும் புது டயர் போட்டேன் பார், அதுவும் சேர்ந்துகொண்டது. முன்னும் பின்னும் உயரம் வேறு வேறு, நேர் ரோட்டிலேயே முறுக்கு ஏறும். பெட்டிக்குள் காற்று போய்வருகிற மூச்சுக்குழாயில் வேறு மணல் அடைத்து, உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியாக ஆயில் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆக எல்லாம் நம்ம கைங்கரியம்.

புதுசு விலை கேட்டதும் தலை சுற்றிப்போய், பழைய வண்டிச் சாமான் விற்கிற சென்னை புதுப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார்: உள்ளே போகிற ஷாஃப்டின் பல்லை எண்ணாமல் காசு கொடுக்காதே. முதல் பல்லில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு எண்ணினேன். மூன்று கடை ஏறி இறங்கினேன், பார்க்க அச்சு அசல் நம்முடையது மாதிரியே இருக்கிறது, எண்ணினால் பல் வேறு. நாலாவது கடையில்தான் கிடைத்தது. ஆயிலை ஒரு தட்டில் வடித்து வெயிலில் பார்த்தேன், வெள்ளித் தூள் மினுங்கவில்லை. 38,000 சொன்னான், 31,000க்கு முடித்தேன்.

மாட்டுகிற வேலை ஒரு பகல். பிரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன்பே அது போல்ட்டில் சேருகிற பிளாஞ்சில் அடையாளக் கோடு, கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி, அப்புறம் அதைத் தாங்குகிற குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரைக் கழற்றினார்கள். பெட்டியைப் பழைய சைக்கிள் டியூபால் இன்னொரு ஜாக்கியில் கட்டி இறக்கினார்கள், மாரில் வாங்குகிற கனமில்லை அது. வெளியே இருக்கும்போதே சீல் எல்லாம் புதுசு போட்டாச்சு. மூச்சுக்குழாயும் புதுசு. என் வண்டிக்கு ஏடிஎஃப் என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ஊற்றுகிறது, உன் வண்டிக்கு அதேதான் என்று நினைத்துக்கொள்ளாதே, புத்தகத்தைப் பார்த்து ஊற்று.

சரி, உன் கதைக்கு வருகிறேன். முதலில் நாலு டயரையும் பார், ஒரே அளவா, ஒரே தேய்மானமா என்று. மண் பாதையில் லோ ரேஞ்ச் போட்டு ஏற்றத்தில் ஏற்றிப் பார், லீவர் தானாகக் கழன்றுகொண்டாலோ டக்கென்று சத்தம் கேட்டாலோ கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. லீவர் இறுகி வராவிட்டால் மட்டும் பயப்படாதே, நேராக நாலடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டு வந்துவிடும். வாங்கினாலும் அந்த 20 கொண்டை ஊசி வளைவிலும் காய்ந்த ரோட்டில் ஃபோர்வீலைத் தொடாதே, தோட்டத்துச் சேற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்.

என் பச்சை விளக்குக்குப் புது பல்பு போட்டாச்சு, 40 ரூபாய். வீட்டில் அந்தக் கணக்கைச் சொல்லவில்லை, நீயும் உளறிவைக்காதே. வண்டி பார்க்கப் போகிற அன்று டயரையும் அடிப்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு.