பெயருக்கு முன் மொழியைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அறிவுசார் குறைபாடுள்ளோரைப் பராமரிக்கும் இல்லங்களில் ஆட்பற்றாக்குறை நிலவுவதாக உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியை வாசித்தேன். ஆட்கள் வேண்டும், சரி. ஆனால் இருக்கிற ஊழியர்கள் அங்குள்ளவர்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த என் அண்ணன் மலையகத்தில் அப்படியோர் இல்லத்தில் இருக்கிறார். அவருடைய கோப்பில் 'பேச மாட்டார், குளிக்க முரண்டு பிடிப்பார்' என்று எழுதியிருந்தார்கள். ஊழியர்கள் கெட்டவர்கள் அல்லர். நாற்பது வயதைத் தாண்டியவரைக் குழந்தை என்று நினைத்து அன்பாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அப்புறம் தோட்டப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி வேலைக்கு வந்தார். வாளியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, தண்ணி குளிருதா?" என்று கேட்டிருக்கிறார். "குளிருது" என்றாராம் அண்ணன். இப்போது மதியம் வெந்நீரில், தானே சவர்க்காரம் போட்டுக் குளிக்கிறார்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. அவர்களது தெரிவுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்கிறது அது. தெரிவைக் கேட்கவே ஒரு மொழி வேண்டுமே! ஆகவே, ஒவ்வொருவரின் கோப்பிலும் முதல் பக்கத்தில் அவருடைய மொழி, விருப்பு, வெறுப்பு ஆகியவற்றை அவரிடமும் குடும்பத்தாரிடமும் கேட்டு எழுத வேண்டும். மலையக இல்லங்களில் ஒவ்வொரு வேலை நேரத்திலும் தமிழ் பேசும் ஒருவராவது இருக்க, சமூக சேவைத் திணைக்களம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு வாசகி,
ஹட்டன்.