பிளஸ் டூ இயற்பியலுக்கு ஆசிரியர் கேட்டு மீண்டும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
பிளஸ் டூ அறிவியல் பிரிவு மாணவர்களின் பெற்றோர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
மலைப்பகுதி.

பெறுநர்
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
முதன்மைக் கல்வி அலுவலகம்.

பொருள்: மாற்றுப்பணியில் அனுப்பப்பட்ட இயற்பியல் ஆசிரியரைத் திரும்ப அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஜூலையிலும் செப்டம்பரிலும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்த எங்கள் மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளியைத் தாங்கள் நன்றாக அறிவீர்கள். கடைசிக் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் சந்தைத் திடலுக்கு எதிரே இருப்பது. போன வருட மழையில் சுற்றுச்சுவர் இடிந்தபோது தாங்களே நேரில் வந்து பார்த்து, கட்டியும் கொடுத்தீர்கள். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. அந்த நம்பிக்கையில்தான் மறுபடியும் எழுதுகிறோம். முன்பு கொடுத்த மனுக்களுக்கு ரசீது இருக்கிறது, பதில் இல்லை. கடைசியாக போனுக்கு வந்த குறுஞ்செய்தியில் ‘மனு முடித்து வைக்கப்பட்டது’ என்று இருந்தது. ஆசிரியர் வரவில்லை, ஐயா.

1. ஜூன் மாதம் பள்ளி திறந்து சில வாரங்களிலேயே எங்கள் இயற்பியல் முதுகலை ஆசிரியரை அடிவாரத்தில் உள்ள பெரிய பள்ளிக்கு மாற்றுப்பணியில் அனுப்பிவிட்டார்கள். அங்கே பிள்ளைகள் அதிகம், ஆசிரியர் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றும் சொன்னார்கள். காலாண்டுத் தேர்வும் முடிந்துவிட்டது.

2. அவர் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. நன்றாக நடத்துகிறவர், பிள்ளைகளுக்குப் பிடித்தவர்.

3. பதிவேட்டில் அவர் இன்னமும் எங்கள் பள்ளி ஆசிரியர். சம்பளமும் இங்கேதான் போடுகிறார்கள். அதனால் இந்த இடம் காலி என்று எங்கேயும் காட்டுவதில்லை. காலி இல்லாத இடத்துக்கு இடமாறுதல் கலந்தாய்வில் யாரும் வர முடியாது. சரி, பள்ளி மேலாண்மைக் குழு வழியாக மாதம் 18,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர் போடலாமே என்று கேட்டோம். எங்கள் ஊர்ப் பெண்ணே ஒருத்தி எம்.எஸ்சி. இயற்பியல், பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அதற்கும் ‘காலிப்பணியிடம் இருந்தால்தான் போட முடியும்’ என்ற பதில்தான் வந்தது. ஆள் இல்லை, ஆனால் இடம் காலியும் இல்லை. இந்த நிலையில் யாரிடம் போய்க் கேட்பது என்று தாங்களே சொல்லுங்கள்.

4. இதுதான் எங்களுக்குப் பெரிய வலி, இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். இந்த மனுவை எழுதுகிற நான் என் மகளின் இயற்பியல் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் எட்டாவது வரைதான் படித்தவள், கணக்கெல்லாம் புரியாது. ஆனால் பாதியில் நிற்பது தெரியும். முதல் பாடம் நிலைமின்னியல். மின் இருமுனையால் ஏற்படும் மின்புலம் என்று தலைப்பு, அதன் கீழே ஸ்கேல் வைத்து அழகாக ஒரு படம், புள்ளிகளுக்கு ஏ, பி, சி என்று பெயர், அப்புறம் இரண்டு வரி சமன்பாடு. அவ்வளவுதான். அன்றைக்குத்தான் சார் கடைசியாக வகுப்புக்கு வந்தாராம். அடுத்த பக்கத்திலிருந்து 1-ஆ, 2-இ, 3-அ என்று விடைகள் மட்டும். கைடைப் பார்த்து எழுதிப் போட்டது. கேள்விகூட அதில் இல்லை. இரண்டு தொகுதிகளில் 11 பாடங்கள் இருக்கின்றன. முதல் பாடமே பாதியில் நிற்கிறது. வேதியியல் ஆசிரியர் தன் வகுப்பு போக மீதி நேரத்தில் வந்து உட்கார்ந்து புத்தகத்தை வாசிக்கச் சொல்கிறார். அவரால் முடிந்தது அது, அவரையும் குறை சொல்ல மாட்டோம்.

முன்பு ஒரு அதிகாரியிடம் இதைச் சொன்னபோது, ‘ஒரு மார்க் கேள்வி 15 இருக்கிறது, அதை மனப்பாடம் செய்தாலே பாஸ்’ என்றார். கணக்குப் போட்டால் அது உண்மைதான். எழுத்துத் தேர்வு 70-க்கு, அதில் 15 எடுத்தால் போதும். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. பாஸுக்கு வேண்டிய 35 எளிதாக வந்துவிடும். பிள்ளைகள் பாஸ் ஆகிவிடுவார்கள், பள்ளியின் தேர்ச்சி விழுக்காடும் குறையாது. வருடம் முழுக்க ஒரு ஆசிரியர் இல்லை என்பது ரிசல்ட்டில் தெரியவே தெரியாது! எங்களுக்குப் பயமே அதுதான் ஐயா. பொறியியல் கட்ஆஃப் 200-க்கு, அதில் இயற்பியலுக்கு 50. நீட் தேர்வில் 180 கேள்விகளில் 45 இயற்பியல். 35 வாங்கிய பிள்ளை அங்கே போய் என்ன செய்வாள்? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது, அடுத்த வருடம் பொறியியலுக்கும் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்காகப் போட்ட சட்டம். அதற்கு விண்ணப்பம் போடுகிற அளவுக்காவது பாடம் நடத்த வேண்டாமா?

5. இயற்பியல் லேப் ஜூனிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. ஸ்டாக் ரெஜிஸ்டர் அந்த ஆசிரியர் பொறுப்பில் இருப்பதால், ஏதாவது உடைந்தால் யார் பதில் சொல்வது என்று மற்றவர்கள் திறக்கப் பயப்படுகிறார்கள். நிறமாலைமானியை எங்கள் பிள்ளைகள் புத்தகத்துப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வந்துவிடும்.

6. ஆசிரியர்தான் இல்லை, ஆனால் தேர்வுக்கும் சிறப்பு வகுப்புக்கும் குறைவில்லை. காலை எட்டரைக்குச் சிறப்பு வகுப்பு என்றால் மேல் ஊர்ப் பிள்ளைகள் ஆறரைக்கே நடக்கத் தொடங்க வேண்டும். சாயங்காலமும் உட்கார வைக்கிறார்கள், இருட்டியதும் காட்டுப் பாதையில் டார்ச் அடித்துக்கொண்டு நாங்கள் போய் எதிர்கொண்டு கூட்டி வருகிறோம். இவ்வளவு கஷ்டப்பட்டுப் போய், நடத்தாத பாடத்தில் டெஸ்ட் எழுதி, மார்க் குறைந்தால் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் பெயர் சேர்க்கிறார்கள். பெற்றோரைக் கூட்டி வா என்கிறார்கள். போய் நின்றால் ‘வீட்டில் படிக்க வைப்பதில்லை’ என்கிறார்கள். யார் சொல்லிக் கொடுத்து அவர்கள் மெதுவாகக் கற்றார்கள், ஐயா? பத்தாவதில் அறிவியலில் 90-க்கு மேல் வாங்கிய பையன் இப்போது ‘எனக்கு மூளை இல்லைம்மா, நிறுத்திவிடு, நானும் சேகோ ஆலை வேலைக்குப் போகிறேன்’ என்று தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவனுக்கு மூளை இல்லாமல் இல்லை. இல்லாதது ஆசிரியர். இதை நாங்கள் எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள், தங்கள் மேல்தான் தப்பு என்று நினைக்கிறார்கள். டவுனில் இருப்பவர்கள் டியூஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் எங்கே அனுப்புவது? கடைசி பஸ்ஸே ஏழு மணிக்கு.

7. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான்.

ஆகவே, மாற்றுப்பணியை ரத்து செய்து எங்கள் இயற்பியல் ஆசிரியரைத் திரும்ப அனுப்பும்படி வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம். அது முடியாது என்றால், அவர் பணியிடத்தை அந்தப் பள்ளிக்கே மாற்றிவிட்டு எங்கள் இடத்தைக் காலி என்றாவது காட்டுங்கள், மேலாண்மைக் குழு அடுத்த வாரமே ஆள் போட்டுவிடும். அதற்கும் நாள் ஆகும் என்றால், வாரத்தில் மூன்று நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே என்று உத்தரவு போடுங்கள். எதுவானாலும் அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் செய்யுங்கள். லேப் சாவியை இந்த வாரமே வேறொருவர் பொறுப்பில் கொடுக்கச் சொல்லுங்கள், அதற்குத் தங்கள் ஒரு வரி உத்தரவே போதும்.

ஐயா, நாங்கள் கட்டடம் கேட்கவில்லை, ஸ்மார்ட் போர்டு கேட்கவில்லை. இயற்பியலுக்கு ஒரு ஆசிரியர் கேட்கிறோம். தயவுசெய்து இந்த மனுவையும் பதில் இல்லாமல் முடித்து வைத்துவிடாதீர்கள். முடியும், முடியாது என்று எதுவாக இருந்தாலும் எழுத்தில் சொல்லுங்கள்.

வருகிற ஆசிரியர் தங்குவதற்கு வீடு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். விட்டுப்போன பாடங்களை முடிக்கச் சனி, ஞாயிறு வகுப்பு வைத்தாலும் பிள்ளைகளை அனுப்புகிறோம். மரவள்ளி பிடுங்குகிற சமயம் என்றாலும் ஒரு பிள்ளையையும் காட்டு வேலைக்கு நிறுத்த மாட்டோம் என்று எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பிளஸ் டூ மாணவர்களின் பெற்றோர்
(கையொப்பங்களும் கைரேகைகளும் பின்பக்கத்தில்)