மரண உதவிச் சங்கம்: 2025 ஆண்டறிக்கை

தலைவர் ஐயா, கமிட்டி ஆளுங்க, அக்காமார் அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். பந்தல் சாமான், கதிரை, பெட்டிச் செலவெல்லாம் பொருளாளர் கணக்குல வரும், நான் அதுக்குள்ள போகல. இந்த வருஷம் பெரிய சண்டையே பிரஷர் மெஷினாலதான், அதைச் சொல்றேன்.

சாவுக்குச் சேர்த்த காசுல மெஷின் வாங்குறதான்னு கேட்டது நியாயந்தான். ஆனா கொஞ்ச வருஷமா நாம யாரைத் தூக்கினோம்னு பாருங்க, பென்ஷன் வயசு கூட வராத ஆளுங்க, பாரிசவாதம், ஹார்ட் அட்டாக், பல பேருக்குப் பிரஷர் இருந்ததே ஆஸ்பத்திரியில போய்தான் தெரிஞ்சுது.

கூட்டத்துக்கு வந்த டாக்டர் அம்மா ஒரு ஆய்வைப் பத்திச் சொன்னாங்க, 2020ல வந்தது, இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் மூணு நாட்டு கிராமங்கள்லயும் சுகாதார ஊழியருங்க வீட்டுக்கே போய் பிரஷர் பார்த்து பேசினதுல மத்த கிராமங்களை விட பிரஷரோட மேல் நம்பர் (140க்கு 90ன்னா அந்த 140) சராசரி 5 அதிகமா இறங்கிச்சாம். அஞ்சு தானான்னு நான் கேட்டேன். ஊரு முழுக்க அஞ்சு இறங்கினா உங்க சங்கத்துக்கு வேலை குறையும்னாங்க. அதோட வாயடைச்சு மெஷின் வாங்கியாச்சு.

இப்ப ஞாயித்துக்கிழமைல பொடியங்க தோட்டத்து லயம் (வரிசை வீடு) லயமாப் போறாங்க. மொதல்ல எல்லாருக்கும் கண்டபடி ஏறிக் காட்டுச்சு. பார்த்தா ஸ்வெட்டர் மேலயே பட்டையைச் சுத்துறது, இல்லாட்டி ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல இறுக்கமா சுருட்டி விட்டுட்டு சுத்துறது, தேயிலைக் கொழுந்தை எடை போட்டுட்டு மேட்டுல ஏறி வந்த மூச்சோட உக்கார வைக்கிறது. இப்ப ஸ்வெட்டரைக் கழட்டி, சாஞ்சு உக்காந்து, காலைத் தரையில வச்சு அஞ்சு நிமிஷம் பேசாம இருந்தாத்தான் பார்ப்பாங்க (பேசாம இருக்கிறதுதான் நம்ம லயத்துல கஷ்டம்). தேத்தண்ணி குடிச்சிருந்தா அரை மணி நேரம் போகணும். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவையும் பார்த்து, 140க்கு 90ன்னு திரும்பத் திரும்ப வர்றவங்களைத்தான் கிளினிக்குக்கு அனுப்புறோம்.

உப்பு ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு தேக்கரண்டி, அதுவும் ரொட்டி, கட்டசம்பல், கருவாடு எல்லாத்துலயும் இருக்கிறதைச் சேர்த்து. கருவாட்டை விடச் சொன்னா சங்கத்தையே விட்டுருவாங்க, அதனால ஊறப்போட்டு அந்தத் தண்ணியைக் கொட்டச் சொல்லியிருக்கு.

மாத்திரை விஷயம்தான் பெரிய தலையிடி. நல்லா இருக்குன்னு நிப்பாட்டிடுறாங்க. அம்லோடிபின்ங்கிற பிரஷர் மாத்திரை போட்டு கால் வீங்குதுன்னு ஒரு அக்கா யார்கிட்டயும் சொல்லாம விட்டுட்டாங்க, கிளினிக்ல சொன்ன உடனே மாத்திக் கொடுத்தாங்க. மேல் வலிக்கு கடையில டைக்ளோபெனாக்ங்கிற வலி மாத்திரை வாங்கிப் போடுறதும் பிரஷரை ஏத்துமாம், இது எனக்கே புதுசு. பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்குறதையும் நிப்பாட்டணும்.

கிளினிக் நாள்ல பேர் (ஒரு நாள் சம்பளம்) போயிடுதுன்னு சொல்றவங்களுக்காக அரைப்பேராவது போடச் சொல்லி ஆபீஸுக்கு கடிதம் கொடுத்தோம், பதில் இல்ல, திரும்பக் கொடுப்போம். நவம்பர் கடைசியில டித்வா புயல்ல ரோட்டுல மண்ணு சரிஞ்சு போக்குவரத்து நின்னப்ப மாத்திரை தீர்ந்து தவிச்சோம், அதனால கிளினிக் தேதி வர்றப்பவும் ரெண்டு வாரத்து மாத்திரை மிச்சமா கையில இருக்கிற மாதிரி கேட்டு வாங்கிக்கங்க.

வாய் கோணினா, ஒரு கை தூக்க முடியாட்டி, பேச்சு குழறினா அது பாரிசவாதமா இருக்கலாம், விடியட்டும்னு பார்க்காதீங்க, தைலம் தேய்க்காதீங்க, 1990 ஆம்புலன்ஸ் நம்பருக்கு அடிங்க.

மெஷின் பேட்டரிக்கு இந்தக் கூட்டத்துல அனுமதி வேணும். சந்தா பாக்கி லிஸ்ட் கோயில் சுவத்துல ஒட்டியிருக்கு.