ஊர் திரும்புவோருக்குப் பத்திரங்கள் முகாமிலேயே முடியட்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களிலிருந்து இலங்கைக்குத் திரும்பும் அகதிகளைப் பற்றிய பேச்செல்லாம் வீட்டுத் திட்டத்திலும் உலருணவிலும் நின்றுவிடுகிறது. குடும்பங்கள் முதலில் தடுக்குப்படுவது பிள்ளைகளின் பிரஜாவுரிமையில்.

இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு அங்குள்ள பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின்கீழ் சான்றிதழ் பெறவேண்டும். 2003 திருத்தத்தின் பின் தாய் மட்டும் இலங்கையராக இருந்தாலும் போதும். தகப்பன் இந்தியர் என்பதால் விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இச்சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டை கிடையாது. அட்டை இல்லாமல் மற்ற எதுவும் நகராது.

பெரும்பாலும் இழுபடுவது பெயர்களால். தாயின் இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 'பரமேஸ்வரி'. முகாம் பதிவிலும் பிள்ளையின் சான்றிதழிலும் வீட்டுப் பெயரான 'ராணி'. தகப்பன் இங்கே 'செல்வராசா', அங்கே 'செல்வராஜ்'. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று சத்தியக் கடதாசி கொடுத்தாலும் எல்லா அலுவலகமும் ஏற்பதில்லை. பிள்ளையின் சான்றிதழை அங்கேயே திருத்துவதுதான் நல்லது. கப்பலேறிய பின் அது பெரும்பாடு. தாயின் பத்திரம் தொலைந்திருந்தால், 1960க்குப் பிந்திய பிறப்பானால், இங்குள்ள சகோதரமோ மாமனோ எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுத்து அனுப்பலாம். கோயிலில் தாலி கட்டியதோடு விட்ட திருமணங்களையும் புறப்படுமுன் பதியவேண்டும். இந்தியத் துணைவருக்கு வதிவிட வீசா கேட்கும்போது முதலில் கேட்பது அந்தப் பத்திரத்தைத்தான். அது கைவசம் இல்லாததால் தாய் அக்கரையிலும் பிள்ளைகள் இக்கரையிலுமாகக் கிடக்கும் குடும்பங்கள் உண்டு.

2025 மே மாதம் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய முதியவர் ஒருவர், முன்னர் அனுமதியின்றி நாட்டைவிட்டுச் சென்றார் என்று கைதானார். அதன் பின் ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயம் திரும்பிவருவோருக்கான ஏற்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஷெல்லுக்குப் பயந்து வள்ளமேறியவர் கடவுச்சீட்டில் முத்திரை குத்திக்கொண்டா போயிருப்பார்? யுத்த காலத்தில் அப்படிப் போனவர்களுக்குக் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தில் எழுத்துமூல விலக்கு வேண்டும். அமைச்சரின் வாய்வார்த்தை விமான நிலையக் கருமபீடத்தில் செல்லாது.

துணை உயர் ஸ்தானிகராலயம் முகாம்களுக்கே நடமாடும் சேவையாகச் சென்று, பதிவாளர் நாயகம் திணைக்கள அலுவலர் ஒருவரையும் கூட்டிப்போனால், பெயர் திருத்தமும் பிறப்புப் பதிவும் ஒரே மேசையில் முடியும்.

திரும்பியோருக்குப் படிவம் நிரப்ப உதவுவோர்,
மன்னார்.