முகாம் கணக்கெடுப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

கடலூர் மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் சர்க்கரை நோய், மனச்சோர்வு பற்றிய கணக்கெடுப்பு முடிந்தது. ரத்தம் கொடுத்தவர்களுக்கும், யோசித்துப் பார்த்து "வேண்டாம்" என்றவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

முகாம் தலைவர்களே, அரசு மாதாமாதம் உதவித்தொகை தரும் பணக்கொடை நாளில் மேசை போட்டால் எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்பதுதான் முதல் திட்டம். அன்றைக்கு எதில் கையெழுத்து வாங்கினாலும் பணத்துக்கென்றே சனம் நினைக்கும் என்று தடுத்தீர்கள். முகாம் பதிவு போய்விடுமோ என்ற பயத்தில் போடும் கையெழுத்து ஒப்புதலே அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகளும் அகதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்கின்றன. மைக்கில் அறிவித்துவிட்டு மேசைப் பக்கமே வராமல் இருந்தீர்களே, அது பெரிய உதவி. கைநாட்டு வைத்தவர்களுக்குச் சாட்சி நின்ற கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. அந்தச் சாட்சி ஆய்வுக் குழுவிலும் இருக்கக்கூடாது, முகாம் பொறுப்பிலும் இருக்கக்கூடாது.

வினாத்தாளைத் திருத்திய அக்காமாருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். "இரண்டு வாரமாக வருத்தமாக இருந்ததா?" என்று கேட்டால், "ஓம், காய்ச்சல்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஈழத்துப் பேச்சில் வருத்தம் என்றால் நோய். அந்தக் கேள்வி அப்படியே போயிருந்தால் மனச்சோர்வுக் கணக்கு முழுவதும் பாழ். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மாத்திரை, 1983-ஐ ஒட்டி வந்தவர்களுக்குக் குளிசை; இரண்டையும் அச்சிட்டோம். "சாப்பிட்டீர்களா?" என்றால் "இல்லை" என்பார்கள், ஆனால் சீனி போட்ட தேத்தண்ணி உள்ளே போயிருக்கும். அதைத் தனிக் கேள்வியாக்கியதும் நீங்கள்தான். எட்டு மணி நேர வெறும் வயிறு என்பது அந்த ஒரு குவளையில் போய்விடும்.

பெயிண்டிங் வேலைக்கு விடியலிலேயே கிளம்பும் ஆண்களைப் பகலில் தேடினால் பட்டியலில் பெண்களும் முதியவர்களும் மட்டுமே மிஞ்சுவார்கள். ஞாயிறு காலையை விட்டுக்கொடுத்த அண்ணன்மாருக்கு நன்றி. இட்லி ஆறிப்போயிருந்தது, மன்னிக்கவும். ஐஸ் பெட்டியை ஏற்றிப்போன ஆட்டோ ஓட்டுநர்களே, உங்கள் அவசரம் வீண்போகவில்லை. சோதனைக் குழாயில் நிற்கும் ரத்தத்தின் அணுக்கள் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை சர்க்கரையைத் தின்றுவிடும். சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் ஃபுளோரைடும் உடனே முழுதாகத் தடுக்காது.

கேள்வி கேட்ட முகாம் பெண்கள் சொந்த லைனை (வீட்டு வரிசையை) விட்டு அடுத்த லைனுக்குப் போனார்கள். மனசு விட்டுச் சொல்வதைச் சித்தி மகளிடம் யார் சொல்வார்கள்?

முடிவுச் சீட்டு வாங்காதவர்கள் தங்கள் எண்ணைச் சொல்லிப் பால்வாடியில் வாங்கலாம், பெயர் வேண்டாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 மி.கி./டெ.லி.-யும் அதற்கு மேலும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். சர்க்கரை உறுதியானால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும்.